ஊசி போட்ட பிறகு எங்கள் உடம்பில் நடப்பதையும் எழுதி வையுங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் வைத்தியசாலைகளையும் சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனைகளையும் நிர்வகிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

நான் இந்த மாவட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாதிய உத்தியோகத்தர். தடுப்பூசியில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. எனக்கு உரிய ஊசிகளை எல்லாம் போட்டுக்கொண்டேன், மற்றவர்களுக்கும் என் கையால் போட்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பக்கவிளைவு என்று வாயைத் திறந்தாலே "நீ ஊசிக்கு எதிரானவளா?" என்று பார்க்கும் பார்வை ஒன்று எங்கள் துறைக்குள் வந்துவிட்டது. அந்தப் பார்வைக்குப் பயந்து 2021இலிருந்து பலர் வாய் திறக்காமலே இருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். சுகாதார ஊழியர்களுக்கு எந்தத் தடுப்பூசி போட்டாலும் அதன் பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது என்று நீங்களாகவே கேளுங்கள், எழுதி வையுங்கள், தெரிய வந்ததை எங்களுக்கும் சொல்லுங்கள். கைக்குழந்தைகளுக்கு இதே மாவட்டத்தில் இதைத்தான் பல வருடமாகச் செய்து வருகிறோம்.

கொவிட் முடிந்த கதை, இப்போது எதற்கு இது என்று நினைக்கலாம். எங்களுக்கு அது முடியவில்லை. புதிதாகச் சேரும் தாதிய மாணவர்களுக்கு ஈரலழற்சி பி ஊசி மூன்று தடவை போட வேண்டும். இன்புளுவென்சா ஊசி இருக்கிறது. நாளைக்கு இன்னொரு தொற்று வந்தால் முதல் வரிசையில் சட்டைக் கையை மடிப்பதும் நாங்கள்தான். 2024 ஏப்ரல் கடைசியில், அஸ்ட்ராசெனெகா நிறுவனம் தன் ஊசி மிக அரிதாக இரத்த உறைவை உண்டாக்கலாம் என்று பிரித்தானிய நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்ட செய்தி பரவியது. அதற்கு மறுநாளே வார்டில் நோயாளிகள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். "நீங்களும் அதைத்தானே போட்டீங்க, உங்களுக்கு ஒண்டும் செய்யல்லையா மிசி?" அந்தக் கேள்விக்கு எங்களிடம் இருந்தது அவரவர் அனுபவம் மட்டும்தான். இந்த மாவட்டத்தின் சுகாதார ஊழியர்களுக்கு என்ன நடந்தது என்று காட்ட எங்கள் கையில் ஒரு பக்கம்கூட இருக்கவில்லை.

2021 ஜனவரி 28ஆம் திகதி இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் கோவிஷீல்ட் ஊசிகள், அதாவது இந்தியாவில் தயாரித்த அஸ்ட்ராசெனெகா ஊசிகள், நாட்டுக்கு வந்தன. மறுநாளே முன்வரிசைச் சுகாதார ஊழியர்களுக்குப் போடத் தொடங்கினார்கள். எங்களுடைய முறை வந்தபோது நாங்கள் சந்தோஷமாகத்தான் போனோம். அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள், ஒவ்வாமை எதுவும் இல்லை என்றதும் அனுப்பினார்கள். அன்று இரவுதான் ஒவ்வொருவருக்கும் தொடங்கியது. போர்வைக்குள்ளேயே பல் அடிக்கும் குளிர், தலைவலி, மூட்டெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. ஒரே வார்டில் இருந்த எல்லோருக்கும் ஒரே நாளில் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை ட்யூட்டிக்கு ஆள் இல்லை. வந்தவர்களும் பெனடோலைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வேலை செய்தார்கள். எங்கள் வைத்தியசாலையில் அந்த நாட்களில் ஒருவரும் எங்களிடம் "என்ன செய்தது?" என்று கேட்கவில்லை, படிவமும் வரவில்லை. வராதவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் வந்தது.

இது எதிர்பாராத விஷயமே இல்லை. அந்த ஊசியைப் பற்றி உற்பத்தியாளர் கொடுத்த தகவல் ஏட்டிலேயே இருந்ததுதான். பரிசோதனைகளில் பங்குபற்றியவர்களில் பாதிப் பேருக்கு மேல் தலைவலியும் களைப்பும், ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் குளிர்நடுக்கம். வயது குறைந்தவர்களுக்குக் கொஞ்சம் கடுமையாக வரும், முதல் ஊசிக்கு இரண்டாவதைவிடக் கூட வரும். வார்டில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். அவர்களுக்கு என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

மற்ற நாடுகளிலும் இதே கதை நடந்தது. 2021 பெப்ரவரியில் பிரான்சின் பிரெஸ்த் நகரத்து மருத்துவமனையில் ஊழியர்கள் பலர் ஒரே நேரத்தில் காய்ச்சலில் விழுந்தார்கள். ஸ்வீடனில் இரண்டு மாகாணங்கள் சில நாட்கள் ஊசியை நிறுத்தியே வைத்தன. அதில் சோர்ம்லாந்த் மாகாணத்தில் ஊசி போட்ட 400 பேரில் சுமார் 100 பேருக்குக் காய்ச்சல். ஆனால் அங்கே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். யார் யாருக்கு என்ன வந்தது என்று எண்ணினார்கள். பிரான்சின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் உடனே ஓர் அறிவுறுத்தல் கொடுத்தது: ஒரே பிரிவில் வேலை செய்பவர்களுக்கு ஒரே நாளில் போடாதீர்கள், பிரித்துப் போடுங்கள் என்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இதையே சொன்னது. செலவில்லாத வேலை. ட்யூட்டி ரோஸ்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு ஊசிப் பட்டியலைப் போட்டால் போதும்.

இனி, எனக்கு மிகவும் வலிக்கிற இடத்துக்கு வருகிறேன்.

மூதூரிலோ கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ ஏதாவது ஒரு தடுப்பூசிக் கிளினிக்குக்குப் போய்ப் பாருங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் உட்கார்ந்ததும் குடும்பநல உத்தியோகத்தர் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "போன முறை ஊசி போட்டதும் பிள்ளைக்கு என்ன செய்தது? காய்ச்சலா? வலிப்பு ஏதும் வந்ததா? ஊசி போட்ட இடம் வீங்கினதா?" என்பது. தாய் சொல்வதைக் கேட்டுப் பதிவார். சாதாரணத்துக்கு மேல் ஏதும் இருந்தால் அது ஏஇஎஃப்ஐ (தடுப்பூசிக்குப் பிறகு வரும் பாதகமான விளைவுகள்) படிவத்தில் ஏறும். பணிமனையின் பதிவேட்டில் ஏறும். மாதக் கடைசியில் கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். ஒன்றும் நடக்காத மாதத்திலும் "ஒன்றும் இல்லை" என்று எழுதி அனுப்பியே ஆக வேண்டும். இந்த ஏற்பாடு 1996இலிருந்து இந்த நாட்டில் நடக்கிறது. தென்னாசியாவில் இதைப் பார்த்துப் பெருமைப்படலாம், நான் பெருமைப்படுகிறேன்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதே கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. அவருக்கு வைத்தியசாலையில் ஊசி போட்டால், வைத்தியசாலை அது பணிமனையின் வேலை என்று நினைக்கிறது. பணிமனை அது வைத்தியசாலை ஊழியர் விஷயம் என்று நினைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் விழுந்துவிட்டோம். யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. யாருடைய பொறுப்பு என்று ஒருவர் எழுத்தில் சொல்லாதவரை இப்படித்தான் நடக்கும். அதனால்தான் இரு தரப்பையும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

பக்கவிளைவை எழுதினால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று சில மேலதிகாரிகள் சொல்வதை நேரில் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு 2008ஐ நினைவுபடுத்த விரும்புகிறேன். அந்த வருடம் ஜனவரியில் ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவலன்ட் ஊசி நம் குழந்தைகளுக்கு அறிமுகமானது. மூன்று மாதத்துக்குள் 4 மரணங்களும், குழந்தை தளர்ந்து அசைவற்றுப்போன 24 சம்பவங்களும் முறைப்பாடாக வந்தன. முதலில் அந்தத் தொகுதி ஊசியை நிறுத்தினார்கள். அடுத்த தொகுதியிலும் ஒரு மரணம் வந்ததும் ஊசியையே நிறுத்திப் பழைய ஊசிகளுக்குத் திரும்பினார்கள். ஒவ்வொரு சம்பவத்தையும் நிபுணர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். 2010இல் அதே ஊசி திரும்ப வந்தது. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரும்ப வந்தார்கள். இன்றைக்கும் இந்த நாட்டில் குழந்தைத் தடுப்பூசி 95 வீதத்துக்கு மேல் போகிறது. எழுதியதால் நம்பிக்கை போகவில்லை. கேட்கிறார்கள், பார்க்கிறார்கள், தேவையானால் நிறுத்துகிறார்கள் என்று தாய்க்குத் தெரிந்ததால்தான் அவள் பிள்ளையை நீட்டுகிறாள்.

அரிதான, ஆபத்தான பக்கவிளைவு விஷயத்தில் இந்தப் பதிவு உயிரோடு சம்பந்தப்பட்டது. 2021 ஏப்ரலில் அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி பாராளுமன்றத்தில், அஸ்ட்ராசெனெகா போட்ட 6 பேருக்கு இரத்த உறைவு ஏற்பட்டதாகவும் அவர்களில் 3 பேர் இறந்ததாகவும் சொன்னார். அந்தச் செய்தியை நாங்கள் கைத்தொலைபேசியில்தான் படித்தோம். அந்த ஊசியைப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத பலர் அன்று வார்டில் நின்றோம்.

அந்த நோய் எப்படி நடக்கிறது என்பது அந்த மாதத்திலேயே உலகத்துக்குத் தெரிய வந்துவிட்டது. ஊசிக்குப் பிறகு சிலருடைய உடம்பு பிஎஃப்4 என்ற தன் சொந்தப் புரதத்துக்கு எதிராகவே திரும்புகிறது. ஒரு பக்கம் இரத்தம் உறைகிறது, மறுபக்கம் பிளேட்லெட் எண்ணிக்கை விழுகிறது. ஐரோப்பியக் கணக்கில் இது ஓர் இலட்சம் பேருக்கு ஒருவர், இருவர் என்ற அளவில்தான். பெரும்பாலும் ஊசி போட்ட 4ஆம் நாளுக்கும் 30ஆம் நாளுக்கும் இடையில் வரும். விடாத கடுமையான தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குதல், வயிற்று நோவு, தோலில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள். இரத்த உறைவுதானே என்று அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹெப்பாரின் என்ற உறைவெதிர்ப்பு மருந்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம் என்று அப்போதே எச்சரித்தார்கள். ஆகவே நோயாளி வந்ததும் "அண்மையில் ஊசி போட்டீர்களா, என்றைக்கு?" என்று கேட்பதுதான் சிகிச்சையின் முதல் படி.

இதை நம் மாவட்டத்தின் தரையில் வைத்துப் பாருங்கள். புல்மோட்டையில் வேலை செய்யும் ஒரு தங்கைக்கு ஊசி போட்டுப் பத்தாம் நாள் தலை பிளக்கிறது. பட்டணத்துக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். முதல் நாள் வந்த சாதாரணத் தலைவலி மாதிரிதான் இதுவும் என்று நினைத்து இரண்டு பெனடோலைப் போட்டுக்கொண்டு களத்துக்குப் போவாள். முதல் இரண்டு நாள் தலைவலி வேறு, பத்தாம் நாள் தலைவலி வேறு என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். டெங்கு காலத்தில் இந்த மாவட்டத்தில் தினமும் எத்தனை பேருக்குப் பிளேட்லெட் பார்க்கிறோம்! அதே சோதனைதான் இதற்கும் முதல் சோதனை. வசதி நம்மிடம் இருக்கிறது. எப்போது, யாருக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் புரியும்படியான அறிவித்தல் மட்டும்தான் இல்லாமல் போனது. எங்களுக்கு வந்த அறிவித்தல் ஆங்கிலத்தில் இருந்தது, அறிவித்தல் பலகையின் மூலையில் ஒட்டியிருந்தது. சிற்றூழியர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்?

இன்னொரு விஷயம். இதைப் பெண்கள் பொதுவெளியில் எழுதத் தயங்குவார்கள். தாதியர்களில் மிகப் பெரும்பான்மையானவர்கள் நாங்கள் பெண்கள் என்பதால் நான் எழுதித்தான் ஆக வேண்டும். 2021 நவம்பரில் பைசர் மூன்றாவது ஊசி போட்ட பிறகு உடை மாற்றும் அறையில் மெல்லிய குரலில் ஒரு பேச்சு ஓடியது. மாதவிடாய் தள்ளிப்போனது, வழக்கத்தைவிட அதிகமாகப் போனது என்று ஒருத்தி சொல்ல, எனக்கும்தான் என்று இன்னொருத்தி. ஒரு அக்கா துணிந்து போய் மேலே சொன்னார். "நைட் ட்யூட்டி செய்தால் அப்படித்தான், யோசிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் சொல்லப் போகவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, 2022 ஒக்டோபரில், ஐரோப்பிய மருந்துகள் முகமையின் பாதுகாப்புக் குழு, அதிக மாதவிடாய்ப் போக்கை பைசர், மொடெர்னா ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்கும்படி பரிந்துரைத்தது. பெரும்பாலும் ஆபத்தில்லாதது, தானாகச் சரியாகிவிடும் என்றும் சொன்னது. அந்த ஒரு வரி 2021இல் எங்களுக்குக் கிடைத்திருந்தால் எத்தனை பேர் கருப்பையில் ஏதோ ஆகிவிட்டதென்று இரவில் விழித்திருக்க மாட்டார்கள்! வேறெங்கோ பெண்கள் சொன்னதை அங்கே எழுதினார்கள், அதனால்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. நாங்கள் சொன்னது காற்றில் போனது.

கையை மேலே தூக்க முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்களும் உண்டு. ஊசியைத் தோளில் உரிய இடத்துக்கு மேலே குத்திவிட்டால் மூட்டில் அழற்சி வரலாம். அது மருந்தின் குறை அல்ல, குத்திய முறையின் குறை. எழுதி வைத்தால் எந்த நிலையத்தில் அப்படிக் கூடுதலாக வருகிறதென்று தெரியும், பயிற்சி கொடுக்கலாம்.

சரி, ஊசிக்குப் பிறகு வருவதெல்லாம் ஊசியால்தான் வருகிறதா? இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கொவிட் ஊசிப் பரிசோதனைகள் பன்னிரண்டைச் சேர்த்து ஆராய்ந்து 2022 ஜனவரியில் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி, மருந்தே இல்லாத போலி ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் 35 வீதமானோர் முதல் ஊசிக்குப் பிறகு தலைவலி, களைப்பு போன்றவற்றைச் சொல்லியிருந்தார்கள். எதிர்பார்ப்பும் பதற்றமும் உடம்பில் வேலை செய்யும். நெஞ்சு நோவென்று வந்தவருக்கு உண்மையில் முன்பே இருந்த இருதய நோயாகவும் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்கத்தான் பதிவு வேண்டும். எழுதாமல் விட்டால் எல்லாமே ஊசியின் தலையில்தான் விழும். வட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுகளுக்குப் பதில் சொல்ல எங்களிடம் எண்கள் இருக்காது.

விடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். நிரந்தர நியமனம் உள்ள எங்களுக்காவது சுகயீன விடுமுறை இருக்கிறது. அதை எடுத்தால் மேலதிக நேரக் கொடுப்பனவு குறையும், வருடக் கடைசியில் உண்மையாகவே நோய் வந்தால் கையில் விடுமுறை இருக்காது. ஆனாலும் ஒரு வழி உண்டு. துப்புரவு வேலையை ஒப்பந்தத்தில் செய்யும் தனியார் நிறுவன ஊழியர்களை நினைத்துப் பாருங்கள். கொவிட் வார்டின் கழிவை அள்ளியவர்கள் அவர்கள். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. காய்ச்சலோடு வந்து தரையைத் துடைத்த ஒரு அம்மாவை "வீட்டுக்குப் போங்க" என்று நான் சொன்னபோது, "போனா இண்டைக்குக் காசு இல்ல மிசி" என்றார். அவருக்கு என்ன வந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, ஏனென்றால் அவர் எங்கள் ஊழியர் பட்டியலிலேயே இல்லை. ஊசிக்கு அடுத்த நாளைச் சம்பளத்தோடு ஓய்வு நாளாகக் கொடுங்கள். நிறுவனங்களோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அந்த வரியைச் சேருங்கள். நோன்பு காலத்தில் ஊசி வந்தால் கிண்ணியா, மூதூர் பக்கத்துச் சகோதரிகளுக்கு நாள் தெரிவு செய்ய இடம் கொடுங்கள். காய்ச்சலோடு பகல் முழுக்க மருந்தும் தண்ணீரும் இல்லாமல் வார்டில் நிற்பது சுலபமில்லை.

நட்டஈடு உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மேலே எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். பிரித்தானியாவில் 1979இலிருந்தே தடுப்பூசியால் கடுமையான பாதிப்பு அடைந்தவர்களுக்கு ஒரு தொகை கொடுக்கும் சட்டம் இருக்கிறது. கொவிட் ஊசிகளை நாடுகளுக்குப் பகிர்ந்தளித்த கோவாக்ஸ் என்ற சர்வதேசத் திட்டம் இலங்கை உட்பட 92 நாடுகளுக்கு இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது. ஆனால் அது கோவாக்ஸ் வழியாக வந்த ஊசிகளுக்கு மட்டும். முதலில் கை நீட்டிய எங்களுக்குப் போட்டது இந்தியா நேரடியாகக் கொடுத்த ஊசி. ஆக, முதல் நாளில் முன்வந்தவர்கள்தான் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றோம். அடுத்த பெருந்தொற்றுக்கு முன்பாவது இதற்கு ஒரு வழி பிறக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வந்தாலும், எழுதி வைக்காத பாதிப்புக்கு யார் காசு கொடுப்பார்கள்?

2021 ஆகஸ்ட் கடைசியில் நாட்டில் ஒரே நாளில் 200க்கும் மேற்பட்டவர்கள் கொவிட்டால் இறந்தபோது, ஊசி போட்டிருந்ததால்தான் நாங்கள் வார்டுக்குள் நிற்க முடிந்தது. அந்த ஊசிக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அந்தக் காய்ச்சலும் குளிரும் அதற்காகக் கொடுக்கத் தகுந்த விலைதான். எங்கள் கோரிக்கை அந்த விலையைத் திருப்பிக் கேட்பதல்ல, அதைக் கணக்கில் எழுதுவது.

செய்வதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒவ்வொரு வைத்தியசாலையிலும் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி ஒருவரிடம் ஒரு பதிவேட்டைக் கொடுங்கள். ஊசி போட்ட மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், முப்பதாம் நாளும் அவர் ஒவ்வொருவரையும் கேட்கட்டும். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கேள்விகள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும், மாதவிடாய் பற்றிய கேள்வியும் அதில் இருக்கட்டும். ஒப்பந்த ஊழியர்களின் பெயரும் அதே பதிவேட்டில் வரட்டும். கடுமையானவை அந்தப் பகுதியின் சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனைக்குப் போய், அங்கிருந்து வழக்கமான ஏஇஎஃப்ஐ வழியில் கொழும்புக்குப் போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெயர்கள் இல்லாமல், இத்தனை பேருக்குப் போட்டோம், இத்தனை பேருக்கு இது வந்தது, இத்தனை பேர் குணமானார்கள் என்று ஒரு தாளில் அச்சடித்து எங்கள் ஓய்வறையில் ஒட்டுங்கள்.

அடுத்த தொகுதித் தாதிய மாணவர்களுக்கு ஈரலழற்சி பி முதல் ஊசி போடும் நாளிலிருந்தே இதைத் தொடங்கலாம். பதிவேட்டுக்குக் கோடு போட்டு, கேள்விகளைத் தமிழில் எழுதித் தரும் வேலையை நானும் என்னுடன் வேலை செய்யும் சிலரும் எங்கள் ஓய்வு நேரத்தில் செய்து தருகிறோம். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாதிய உத்தியோகத்தர்,
திருகோணமலை